நானேதான் போனேன் மிஸ்

ஒரு கடிதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பக்கக் கடிதம். தாளில் வந்ததுகூட இல்லை, போனில் வந்த பிடிஎஃப். 2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என்னிடம் பிளஸ் டூ படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்து அதைக் காட்டினான். பி.சி.ஏ. முடித்து இரண்டு வருடம் கூரியர் ஆபீஸில் ஒன்பதாயிரம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவன். முகம் முழுக்க வெளிச்சம். "பாங்காக்ல வேலை கிடைச்சிருக்கு மிஸ். பதில் மெயில் போடணும், இங்கிலீஷ் தப்பா இருந்தா மானம் போயிடும், ஒருதடவை பாருங்களேன்" என்றான்.

பார்த்தேன். 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' என்று பதவி. மாதம் எண்ணூறு டாலர், தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி செலவு, விமான டிக்கெட்டும் அவர்களே. மேலே நீல நிறத்தில் ஒரு லோகோ, கீழே ஒரு கையெழுத்து. கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு அவனுடைய பதிலுக்கு வந்தேன். அதில் 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஜாயின்' என்று எழுதியிருந்தான். 'ஜாயினிங்' என்று திருத்தினேன். அந்த இடத்தில் ஏன் அப்படி வரும் என்று விளக்கவும் செய்தேன். நல்லா இருடா தம்பி, அம்மாவைப் பார்த்துக்கோ என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாளில் கிளம்பிவிட்டான்.

அப்போது நான் ஆள்கடத்தல் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜூலை 30-ம் தேதியும் அது என் பொறுப்பு. அந்த நாளை ஆட்கடத்தலுக்கு எதிரான உலக நாள் என்று ஐ.நா. பொதுச்சபை 2013-ல் அறிவித்தது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்திருக்கிறேன். தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே, தெரியாதவர் வண்டியில் ஏறாதே என்று பாட்டாகவே பாட வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்த சாயங்காலத்திலும் நான் அதே ஆள்தான். ஒரு நொடிகூட எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

வயரைச் சுருட்டிக்கொண்டே

அடுத்த வருடம் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவன் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். பையன் வந்துட்டான் டீச்சர், அங்க கம்பெனி சரியில்லையாம் என்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அதைக் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. வெளிநாடு போய்த் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. கம்பெனி சரியில்லை என்று யாராவது சொன்னால், சரி, இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் அதைத்தான் சொன்னேன்.

2024 ஜூலை 30. பள்ளியின் புரொஜெக்டர் பழுதாகிவிட்டதால் மைக்செட் கடையிலிருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கொண்டுவந்து மாட்டியது அவன்தான். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கூட்டம் முடியும் வரை பின்சுவர் ஓரமாக நின்றிருந்தான். நான் வழக்கமான படங்களை ஓட்டினேன். கயிற்றால் கட்டிய இரண்டு சின்னக் கைகள். கம்பிக்குப் பின்னால் ஒரு பெண்குழந்தையின் கண்கள். வேனின் கதவைத் திறந்து பிடித்திருக்கும் ஒரு நிழல் உருவம். பிள்ளைகள் கை தட்டினார்கள், தலைமையாசிரியர் நன்றி சொன்னார், எல்லோரும் கலைந்தார்கள்.

அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் பென் டிரைவை எடுக்கப் போனேன். என்னைப் பார்க்காமலே கேட்டான்: "மிஸ், அந்தப் படத்துல இருக்குற பிள்ளை கையில கயிறு இருக்குல்ல?" ஆமாம் என்றேன். "எனக்கு எட்டு போன் கொடுத்திருந்தாங்க." எனக்குப் புரியவில்லை. அவன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "மேஜையில வரிசையா எட்டு போன். ஒவ்வொன்னுலயும் ஒரு பொம்பளை பேரு, போட்டோ. நான்தான் அந்த எட்டுப் பேரும்."

ஹாலில் யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை. அரைமணி நேரம் நின்றுகொண்டேதான் சொன்னான். பாங்காக் விமான நிலையத்தில் அவன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு டிரைவர் நின்றிருந்தார். ஆபீஸ் ஊருக்குள்தான் இருக்கும் என்று நினைத்தான். கார் மேற்கே ஓடிக்கொண்டே இருந்தது. ஏழெட்டு மணி நேரம், நடுவில் இரண்டு வண்டி மாற்றம். கடைசியில் மே சோட் என்ற எல்லை ஊர். அங்கே மோய் என்று ஓர் ஆறு. ஆறு என்றால் நம்மூர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான் என்றான். படகில் ஏற்றிக் கடத்தி விட்டார்கள். அக்கரை மியான்மரின் மியாவாடி. துப்பாக்கி வைத்த ஆட்களை அங்கேதான் முதலில் பார்த்தான். அந்தப் பகுதியை அரசாங்கம் ஆளவில்லை, ஆயுதக் குழுக்கள் ஆளுகின்றன என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. விசா மாற்ற வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். "அப்பவும் எனக்கு ஆபீஸ்னுதான் தோணுச்சு மிஸ். ஏசி ஹால், வரிசையா கம்ப்யூட்டர், கழுத்துல ஐடி கார்டு. காம்பவுண்டு சுவர் மட்டும் ரொம்ப உயரமா இருந்துச்சு."

வேலை என்னவென்று மூன்றாம் நாள் தெரிந்தது. தவறான எண்ணுக்கு அனுப்பியது போல ஒரு செய்தி அனுப்ப வேண்டும். யாராவது பதில் போட்டால் பேச்சை வளர்க்க வேண்டும். வாரக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு கிரிப்டோவில் பணம் போடச் சொல்ல வேண்டும். பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்ற பொருளில் சீன மொழியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்க நேரத்துக்கு வேலை, ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு மணி நேரம். இலக்கை எட்டாவிட்டால் அபராதம், மைதானத்தைச் சுற்றி ஓட்டம், சாப்பாடு கிடையாது. "கரண்ட் வைப்பாங்க" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதைத் தாண்டி வேறு பேச்சுக்குப் போய்விட்டான். நானும் கேட்கவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னபோது, உன்னை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம், அதைக் கட்டிவிட்டுப் போ என்றார்களாம். ஐயாயிரம் டாலர். அம்மாவின் நகை, அக்காவின் நகை, கொஞ்சம் வட்டிக் கடன். அதைக் கட்டி, திரும்பவும் அந்த ஆற்றைக் கடந்து, தாய்லாந்து போலீஸ் லாக்கப்பில் சில நாள் கிடந்து, விசா காலம் தாண்டியதற்கு அபராதமும் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

இத்தனையும் கேட்டுவிட்டு, ஏன்டா ஒருத்தரிடமும் சொல்லவில்லை, உன்னைக் கடத்திக்கொண்டு போயிருக்கிறார்களே என்றேன். அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "என்னை யாரும் கடத்தலை மிஸ். நானேதான் போனேன். பாஸ்போர்ட் எடுத்தேன், இன்டர்வியூ கொடுத்தேன், அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் பிளைட் ஏறினேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்களும் அந்த லெட்டரைப் பார்த்தீங்களே மிஸ். நல்லாத்தானே இருந்துச்சு" என்றான். குற்றம் சொல்லும் குரலே இல்லை. தன்மேல் பிழையில்லை என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி நான். டீச்சரே பார்த்துச் சரி என்று சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஐந்து மாதத்தைத் தாண்டியிருக்கிறான்.

கடத்தல் என்ற சொல்

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் சொன்ன 'யாரும் கடத்தலை' என்ற வார்த்தையையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடத்தல் என்றதும் நமக்குத் தங்கம் நினைவுக்கு வரும், மணல் வரும், சந்தனக்கட்டை வரும். ஆள்கடத்தல் என்றால் வெள்ளை வேன், மூக்கில் அழுத்தும் கைக்குட்டை, மிரட்டல் போன். எங்கோ ஓரிடத்தில் பலவந்தம் இருந்தே ஆக வேண்டும். தூக்கிக்கொண்டு போகிறவன் இல்லாமல் அந்தச் சொல் நம் மனத்தில் நிற்காது. சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு குற்றங்கள். ஒருவரைத் தூக்கிப் போவது ஒன்று. ஒருவரைச் சுரண்டுவதற்காக ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, அடைத்து வைப்பது இன்னொன்று. இரண்டாவதை மனித வணிகம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இப்போது அந்தச் சொல்தான் பிடிக்கிறது. அதில் விலை இருக்கிறது. உன்னை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று அவனிடம் சொன்னார்களே, அது இருக்கிறது.

சின்ன வயதில் நம்மைச் சாப்பிட வைக்கவும் தூங்க வைக்கவும் பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒருவனைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். அவன் தோளில் சாக்குப்பை இருக்கும், அவன் வெளியூர்க்காரனாக இருப்பான். விழிப்புணர்வு என்ற பெயரில் நான் செய்ததும் அந்தச் சாக்குப்பைக்காரனுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டதுதானோ என்று தோன்றுகிறது. அந்தப் பயம் யாரையும் காப்பாற்றுவதில்லை என்பது மட்டுமில்லை, ஆளைக் கொல்லவும் செய்யும். 2018 மே மாதம், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு முதிய பெண்மணியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. தெரியாதவர் கொடுத்தால் வாங்காதே என்று நான் பாட வைத்த பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அவனைச் சேர்த்துவிட்டவர் தெரியாதவர் இல்லை. அவனுடைய கல்லூரியில் இரண்டு வருடம் மூத்தவர். இவன் அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிறவர். தங்கை கல்யாணத்துக்குப் பந்தியில் பரிமாறியவர். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியிருக்கிறார். உலக அளவிலும் இதுதான் வழக்கம். குழந்தைகள் சிக்கும் வழக்குகளில் சரிபாதிக்கு நெருக்கமானவற்றில் குடும்பத்து ஆள் ஒருவருக்குத் தொடர்பு இருப்பதாக, இடம்பெயர்வோருக்கான ஐ.நா.வின் அமைப்பு தன்னிடம் உள்ள பதிவுகளை வைத்துச் சொல்கிறது. சாக்குப்பையோடு வருகிறவனுக்கு நாம் கதவைத் திறக்க மாட்டோம். அண்ணன் வந்தால் டீ போட்டுக் கொடுப்போம்.

அவன் அங்கே மாட்டியிருந்தபோது அவன் அம்மா ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். இதையும் பிறகு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லி மனுவோடு போயிருக்கிறார். உங்க பையன் விருப்பப்பட்டுத்தானேம்மா போயிருக்கான், மேஜரான பையன், யாரும் தூக்கிட்டுப் போகலையே என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் அந்த ஏஜெண்ட் மேல் பண மோசடி என்று எழுதிக் கொடுங்கள் என்றிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பையன் தானாகத்தானே போனான். மனுவை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அந்த நாளில் நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 370 என்று ஒரு பிரிவு. 2013-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். பயமுறுத்தியோ ஏமாற்றியோ ஆசைகாட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காகச் சேர்த்தாலே குற்றம். அதோடு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது ஒரு பொருட்டே அல்ல என்று தனியாக ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. இதற்கெல்லாம் மூலம் 2000-ம் ஆண்டு ஐ.நா. கொண்டுவந்த, ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான பலெர்மோ நெறிமுறை. இந்தியா அதை 2011-ல் ஏற்றுக்கொண்டது. சட்டம் எழுதியவர்கள் 'நானேதான் போனேன்' என்ற வாக்கியத்தை முன்பே கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில் அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை, மனுவை வாங்காதவருக்கும் தெரியவில்லை, வருடாவருடம் மைக் பிடித்த எனக்கும் தெரியவில்லை. 420 என்ற எண்ணை அறியாத ஆள் நம்மில் யாரும் இல்லை. இந்த 370-ஐயும் 143-ஐயும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

படித்தவனுக்குத் திறந்த வாசல்

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. என் வகுப்புகளில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். நல்லாப் படிங்க, யாரும் ஏமாற்ற முடியாது என்று. 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் பிறகு தேடிப் படித்தேன். இந்த மோசடிக் கூடங்களில் மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைபட்டிருக்கலாம் என்கிறது அது. அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், பட்டதாரிகள், கணினியும் இரண்டு மூன்று மொழியும் தெரிந்தவர்கள். யோசித்தால் வேறு எப்படி இருக்க முடியும்? இங்கிலீஷில் தப்பில்லாமல் அரட்டை அடிக்கத் தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அவனுக்கு வைத்த நேர்காணல் டெலிகிராமில் பத்து நிமிஷம். டைப்பிங் வேகம் பார்த்தார்கள், கொஞ்சம் இங்கிலீஷ் பேசச் சொன்னார்கள். பிளஸ் டூவில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது நான்.

நம் பாஸ்போர்ட் நடைமுறையிலேயே இதற்கு ஓர் ஓட்டை இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. வேலை ஒப்பந்தம் என்ன, ஏஜெண்ட் யார், விசா எது என்று அங்கே ஓர் அதிகாரி பார்ப்பார். பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இ.சி.என்.ஆர்., அதாவது குடியேற்றச் சோதனை தேவையில்லை, என்று நாம் பெருமையாகச் சொல்வது இதைத்தான். பட்டதாரியை யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். படித்தவன், தானே பார்த்துக்கொள்வான் என்று சட்டமும் நம்புகிறது. கொத்து வேலைக்குப் போகும் அவன் மாமாவை ஓர் அதிகாரி நான்கு கேள்வி கேட்டிருப்பார். இவனை யாரும் கேட்கவில்லை. கேட்கும்படியாக அவன் கடிதத்தைக் காட்டிய ஒரே ஆள் நான்தான்.

என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அந்த பிடிஎஃப் இன்னும் அவன் போனில் இருந்தது, வாங்கி மறுபடி படித்தேன். கம்பெனியின் முகவரி என்ற இடத்தில் பாங்காக், தாய்லாந்து என்று மட்டும்தான் இருந்தது. தெரு இல்லை, கட்டட எண் இல்லை. விசா பற்றி ஒரு வரி: வந்து சேர்ந்ததும் சுற்றுலா விசாவை வேலை விசாவாக மாற்றித் தரப்படும். இந்த ஒரு வரியே போதும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவருக்குப் போய் இறங்கிய நாட்டில் தொழிலாளி என்ற பெயரே கிடையாது. சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், நீ எப்படி வேலை பார்த்தாய் என்று அவனைத்தான் பிடிப்பார்கள். அப்புறம் பணம். 'விசா ப்ராசஸிங்' என்று அந்த அண்ணன் எண்பதாயிரம் வாங்கியிருக்கிறார். அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டே முப்பதாயிரமும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம் என்று விதி இருக்கிறது. பதிவு இருக்கிறதா என்பதை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே 1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி குற்றம். இதையெல்லாம் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். 'ஜாயினிங்' ஏன் வருகிறது என்று விளக்கியதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அதே பதவிப் பெயரைச் சொல்லியே வெளியுறவுத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று கூட்டிப்போய் மியான்மருக்குள் அடைக்கிறார்கள் என்று. தேதி 2022 செப்டம்பர் 24. அவன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கியது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது. நானும் பார்த்தேன். பாவம் யார் பெற்ற பிள்ளைகளோ என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த பையன் பாங்காக்கில் நல்ல வேலையில் இருக்கிறான் என்றுதான் அன்றைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்கு வராதவன்

பிள்ளைகளிடம் நீயே வந்து பேசு என்று அவனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மாட்டேன் என்றுவிட்டான். அடி வாங்கியதைச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை. "அங்க என்ன வேலை பார்த்தேன்னு கேட்பாங்களே மிஸ்." அமெரிக்காவில் மனைவியை இழந்த ஒரு பெரியவர். தினமும் காலையில் தன் நாயின் படத்தை அனுப்புவாராம். எட்டுப் போனில் மூன்றாவது போன். "அவர்கிட்ட எவ்வளவு வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும் மிஸ்." ராத்திரியில் இன்னமும் அந்த நாய்தான் அவன் கண்ணில் நிற்கிறது. வற்புறுத்தலின் பேரில் இந்த மோசடிகளைச் செய்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே, குற்றவாளிகள் இல்லை என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அந்த அறிக்கை வெளியானபோது சொன்னதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினான். ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் என்று சொன்னால் அவர் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கயிறு கட்டிய சின்னக் கைகளின் படத்தை ஓட்டி ஓட்டி அந்த எதிர்பார்ப்பை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் படத்துக்குள் அவனுக்கு இடமே கிடையாது. அதனால்தான் பின்சுவரோடு நின்றான்.

2025 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு அந்த எல்லை ஊர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியது. அந்தக் கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். மார்ச் 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் மே சோட்டிலிருந்து ஊர் திரும்பினார்கள். அன்றைக்கு அவன் கடையிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினான். தொலைக்காட்சித் திரையில் தெரிந்த ஒரு கட்டடம். சிவப்பு வட்டம் போட்டு, ரெண்டாவது மாடி என்று மட்டும் எழுதியிருந்தான்.

அந்த வருடம் ஜூலையில் பழைய படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். அவனிடம் அனுமதி கேட்டு, பெயரை மறைத்து, அந்தக் கடிதத்தை மட்டும் திரையில் போட்டேன். எதுவும் சொல்லவில்லை. படியுங்கள், இந்த வேலைக்குப் போவீர்களா என்று மட்டும் கேட்டேன். பிளஸ் டூ பிள்ளைகள் அறுபது பேர். முக்கால்வாசிக் கை தூக்கினார்கள். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். பிறகு வரி வரியாகப் போனோம். முகவரி எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். நான் சொல்லித் தராமலே கேட்டாள். விசா வரிக்கு வந்தபோது ஹால் அடங்கியது. நானேதான் போனேன் என்று ஒருவர் சொன்னாலும் அது குற்றம்தான், அந்தக் குற்றம் அவருடையது இல்லை என்று சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொன்னேன்: சன்ஹிதா, பிரிவு 143, சம்மதம் பொருட்டல்ல. வீட்டில் சொல்லுங்கள், யார் வீட்டிலாவது யாராவது திரும்பி வந்து பேசாமல் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள் என்றேன். புரொஜெக்டர் மாட்ட வந்தவன் இந்தமுறை பின்சுவரில் இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் நின்று, நான் சொல்லச் சொல்லப் பக்கத்தை நகர்த்திக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு ஒரு பையன் மட்டும் கதவோரம் நின்றான். மிஸ், எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி ஒரு லெட்டர் வந்திருக்கு என்றான். எந்த நாடு என்றேன். லாவோஸ். எப்போது கிளம்புகிறார்? வர்ற வெள்ளிக்கிழமை. நாளைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், வேண்டாம், சாயங்காலம் நானே வீட்டுக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல்லி வை என்றேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், நானும் வர்றேன் மிஸ் என்றான்.

இரண்டு பேரும் போனோம். புதுப்பெட்டி ஒன்று கூடத்தில் பிரிக்காமல் இருந்தது. அண்ணன் சந்தோஷமாகத்தான் போனை நீட்டினார். அவர் எழுதி வைத்திருந்த பதிலும் அதில் இருந்தது. முதல் வரியிலேயே ஒரு இலக்கணப் பிழை. அதைத் தாண்டிப் போய், இது எந்த விசா தம்பி என்று கேட்டேன்.